கம்பிகள் மட்டும் வீடு திரும்பின

லிஃப்ட் மெக்கானிக் முதுகுப்பையோடு கிளம்பியதைத் தெருவே பார்த்தது. டாக்ஸியிலிருந்து ஒற்றைக்காலில் நொண்டி இறங்கியதை எதிர்வீட்டுக்காரி மட்டும்தான் பார்த்தாள். அது போதாதா? மலையில் சறுக்கிவிட்டதாக அவர் சொன்னார். விடுதிக் குளியலறை வாசலில், சோப்புத் தண்ணீரில் என்றாள் மனைவி. தெரு மனைவியைத்தான் நம்பியது.

மலைப்பாதையில் ஒரு மாத நடை என்பதுதான் திட்டம். கூடப் போன பால்ய சிநேகிதர்கள் தையல்காரரும் குண்டனும் இவரை வண்டியேற்றிவிட்டு, "நீ போ, நாங்க பாத்துக்கறோம்" என்று மேலே நடந்துவிட்டார்கள். அந்தப் 'பாத்துக்கறோம்'தான் மாவுக்கட்டுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்கேலை விட்டுச் சொறிந்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். வழி பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரில்லாமல் எப்படிப் போவார்கள், எப்படிப் போகலாம்?

மறுநாள் அழுக்குத்துணிக்காக மனைவி பையைக் கவிழ்த்தாள். சாக்ஸுகளோடு கலகலவென்று விழுந்தன கூடாரக் கம்பிகள். சுமையைப் பங்கு போட்டிருந்தார்கள்: கூடாரத் துணி தையல்காரருக்கு, பாத்திரம் குண்டனுக்கு, கம்பி இவருக்கு. வண்டியேற்றிய அவசரத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

"ஐயையோ, எங்க படுப்பாங்க? போன் போடுங்க."

"அவனுங்களே கூப்பிடுவானுங்க." முகத்தில் கல்யாணக் களை. இனி எங்கே போவார்கள்? திரும்பி வந்துதானே ஆகவேண்டும். போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துப் போனார். மழைச் செய்தியை ஆசையாகப் பார்த்தார்.

ஒருவழியாகக் குண்டன் கூப்பிட்டான். "கால் எப்படிடா இருக்கு?"

"அது கிடக்கட்டும். ஏதாவது வேணுமாடா?"

"ஒண்ணும் வேணாம். கம்பிதான் உன்கூட வந்துருச்சே, ரெண்டு மரத்துக்கு நடுவுல கயித்தைக் கட்டி நம்ம தையல்காரன் துணியைப் போட்டுட்டான். ஜம்முனு இருக்கு!"

"அவன் கொறட்டையும் இல்லைன்னு சொல்லு!" பின்னாலிருந்து தையல்காரர்.

சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

சாயங்காலம் பழம் கொடுக்கும் சாக்கில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கூடத்தின் நடுவே, சோபாவிலும் பீரோவிலும் முட்டுக்கொடுத்து, கம்பிகள் துணியில்லாமல் வளைந்து நின்றன. அதற்குள்ளே கட்டுக்காலை நீட்டி அவர். ஃபேன் காற்றில் ஒரு கம்பி ஆடியது; பிடித்து நிறுத்தினார். இன்னொன்று ஆடியது.

"இந்தாங்க அண்ணே" என்று கம்பிகளின் சந்தில் பழத்தை நீட்டினாள்.

"அங்க சுவரும்மா" என்றார். "வாசல் இந்தப் பக்கம்."