விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன நாய்கள்

"லைன் ஊடுகள்ல நாய் வளர்க்க அனுமதி வேணுங்க."

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் இதை மட்டும் கேட்காதே என்று பங்களா கூட்டும் என் அம்மா தலையிலடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். கோடைக்கு விருந்தாளிகளாகப் பங்களாவில் தங்குபவர்கள், பிள்ளைகள் விளையாட நாய்க்குட்டி வாங்குவார்கள்; பள்ளிக்கூடம் திறந்ததும் விட்டுவிட்டு மலையிறங்கிவிடுவார்கள். அப்படி ஆறு குட்டிகள் கால்நடை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடந்தன. சனிக்கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். வளர்க்க, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் ஆறு வீடுகள் தயார்.

ரைட்டர் சிரித்தார். "பி.ஏ. படிச்சது இதுக்குத்தானா கண்ணு? கூலியாளு நாய் லைன்ல கூடாது."

"விருந்தாளிங்க மறந்துட்டுப் போற குடை, ஸ்வெட்டரெல்லாம் யாருங்க வெச்சிருக்கறது?"

"உங்கம்மாதான். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கோணும். தொலைஞ்சா மொதலாளி என் தோலை உரிச்சுருவாரு."

"இதுகளும் மறந்துட்டுப் போனதுதானுங்களே! ஒண்ணு மெட்ராஸ் வக்கீலுது, ஒண்ணு ஈரோட்டு ஜவுளிக்காரருது. எங்கம்மா ஒருத்தியால முடியாதுன்னு ஆறு ஊட்டுல பத்திரமா வெச்சிருப்போம். இல்லீன்னா, உங்க நாயை ரைட்டர் தொரத்திட்டாருன்னு அவங்களுக்குக் கடுதாசி போடட்டுங்களா?"

"ஏம்புள்ள, குடை குரைக்காதே!"

"இது குரைக்குமுங்க."

"நில்லு, மொதலாளியக் கேக்கறேன்!"

"பொறுமையாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் போகும் பாதையில் இறங்கினேன்.