மதலைமுத்து கடைசியாகத் திறந்த பிரிண்டர்

1988, ஆடி மாதம். தர்மபுரியில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் பிரிண்டர் கிளம்பவில்லை என்று தகவல் வந்ததும், சேலத்து சர்வீஸ் கம்பெனியிலிருந்து அருள்நாதன் பஸ் ஏறினான். முன்பு தர்மபுரிப் பக்கம் அதே கம்பெனியின் மதலைமுத்து பொறுப்பில் இருந்தது. இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. சித்திரையில் அதியமான்கோட்டை அருகே லாரி மோதி மதலைமுத்து இறந்த பிறகு, இந்தப் பக்கம் வேலை என்றால் அருள்நாதன் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவான். இன்று வேறு ஆள் இல்லை.

வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். கூட்டிப் பெருக்கும் ராமக்காள்.

"நான் தண்ணி ஊத்தலைங்க சார். ஈரத்துணியில மேசையத் தொடச்சேன், அவ்வளவுதாங்க. பத்து நாளா வேலைக்கு வராதன்னுட்டாங்க."

உள்ளே மேனேஜர் பச்சியப்பன், "தண்ணி பட்டுத்தான் போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. அந்தம்மாவ வேலையிலருந்து எடுத்துட்டு வேற ஆள் போட்டுக்கறோம்" என்றார்.

சுவிட்சைப் போட்டான். பச்சை விளக்கு ஒரு கணம் மினுக்கி அணைந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பவர் சப்ளையைத் தனியே கழற்றி மீட்டர் வைத்தால் வோல்டேஜ் சரியாக வந்தது. போர்டோடு இணைத்ததும் சரிந்தது. அப்படியானால் போர்டில்தான் எங்கோ ஷார்ட்.

போர்டைத் திருப்பினான். ஈரம் பட்ட தடமே இல்லை. புதிதாக மாற்றியிருந்த கெபாசிட்டரின் பக்கத்தில், வெட்டிய கம்பித் துணுக்கு ஒன்று இரண்டு செம்புத் தடங்களுக்குக் குறுக்கே சிக்கியிருந்தது. எடுக்காமல் விட்டது, பிரிண்டர் ஓடும் அதிர்வில் மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது.

மூடிக்குள் ஒட்டிய சர்வீஸ் கார்டில், கடைசி வரியில் மதலைமுத்துவின் கையெழுத்து. ஏப்ரல் பதினாறு. அவன் இறந்த நாள்.

"நல்லாத்தாங்க வேலை செய்வாரு" என்றார் பச்சியப்பன். "அன்னைக்கு என்னவோ ஒரு போன் வந்துச்சு. அவசர அவசரமா மூடிட்டு வண்டிய எடுத்தாரு."

அந்தப் போனைச் செய்தவன் அருள்நாதன். தன் மகளுக்கு அன்று மாலை ஞானஸ்நானம், மதலைமுத்துதான் அவளுக்கு ஞானத்தகப்பன். "ஞானத்தகப்பனே லேட்டா வந்தா எப்படிடா? சாமியார் காத்திருக்காரு, பறந்து வா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் என்று ஒரு வரி எழுதினால் போதும். மதலைமுத்து பேரில் ஒரு குறையும் வராது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ராமக்காள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்டைத் திரும்பப் பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் பிரிண்டர் கிளம்பியது. 'முன் சர்வீஸில் விட்ட கம்பித் துணுக்கால் ஷார்ட். தண்ணீர் படவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினான். முன்பு பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு முழுப் பெயரையும் எழுதினான்.

பச்சியப்பன் படித்துவிட்டு, "நாளைக்கே வரச் சொல்றேங்க" என்றார்.

ராமக்காள் படி வரை கூடவே வந்தாள். "முன்ன வந்துட்டிருந்த தம்பிய கேட்டேன்னு சொல்லுங்க சார். கடைசியா வந்த அன்னைக்கு நான் குடுத்த டீயக்கூட குடிக்காம ஓடுச்சு. நல்லாருக்குதுங்களா?"

"சொல்றேங்கம்மா" என்றான்.

பஸ் நிலையத்தில் சேலம் வண்டிகள் இரண்டு அவன் முன்னால் நின்று கிளம்பிப் போயின. அவன் ஏறவில்லை.