இரண்டு படி தவிடு

அப்பாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பூர்ணிமா பார்த்தாள். வாசலில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. பெரியப்பா தணிகாசலம் அண்ணனை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரெட்டியார்பாளையத்துச் சந்தில் பெரிதாக அழுகை இல்லை. அப்பா பாவாடைக்கு எழுபத்திரண்டு வயது. மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டிய மனுஷன், நேற்று சாயங்காலம் டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் ஒரு நாள் தொந்தரவு கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட சாவுக்குத் தெரு எவ்வளவுதான் அழும்?

"எனக்கு ரெண்டு பேரும் சேந்து கொள்ளிச்சட்டி தூக்கணும்" என்று போன மாசம்கூடச் சொன்னார். பூர்ணிமா அதை நெஞ்சில் முடிந்து வைத்திருந்தாள்.

"நானும் தூக்குறேன் பெரியப்பா."

தணிகாசலம் கெட்டவரில்லை. வழக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் யார் சொன்னாலும் அசைய மாட்டார்.

"பொண்ணுன்னு சொல்லலம்மா. இப்பதான் எல்லாரும் தூக்குறாங்களே. உங்கண்ணன உங்கப்பன் கூடப்பொறந்தவகிட்ட தவிடு குடுத்து வாங்கியாந்தான். நம்ம வழக்கம் அது. நீ ஆபீஸ்ல காயிதம் போட்டுத் தத்தெடுத்த பொண்ணு. காயிதத்துக்கும் கொள்ளிக்கும் என்னா சம்பந்தம்?"

தவிட்டுக் கதை பூர்ணிமாவுக்குத் தெரியாததா? பெற்றவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கினால், அந்த நிமிஷம் முதல் பிள்ளை வாங்கியவருக்குச் சொந்தம். 'ஒரு படி தவிட்டுக்கு வந்தவன்' என்று சின்ன வயதில் அவள் அண்ணனைக் கேலி செய்யாத நாளே கிடையாது. அதே தவிடு இன்றைக்கு வந்து வழிமறிக்கும் என்று யார் கண்டது.

அண்ணன் இளஞ்செழியன் சட்டியைத் தொடவில்லை. "அவ வந்தாதான் தூக்குவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் தலையைத் தூக்கினாள்.

"தவிடுதான மாமா கேக்குறீங்க? குடுத்துட்டுதான் வாங்கியாந்தோம்."

"யாருகிட்ட?"

"இவள எடுத்த அந்தக் கொழந்தைங்க இல்லத்துலதான். கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சி மேடம் கொழந்தய நீட்டுறாங்க, இவுரு வாங்கல. மொதல்ல இத புடிங்கன்னு சைக்கிள்ல கட்டியாந்த தவிட்டுப் பைய நீட்டுறாரு. 'இங்க மாடு எதுவும் இல்லீங்களே'ன்னாங்க அவங்க. எனக்கு மானமே போச்சி. இவுரு விடல. அந்தம்மா முந்தானய விரிச்சி வாங்குன பொறவுதான் புள்ளயத் தொட்டாரு. வெளிய சொல்லவே கூச்சமா இருந்திச்சி எனக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பூர்ணிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருபத்தேழு வருஷம் இதைப் போய் மறைத்து வைத்திருந்தாளே இந்த அம்மா!

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பறம் என்னா? நேரம் ஆவுது. ரெண்டு பேரும் வாங்க."

இளஞ்செழியன் குனிந்து சட்டியின் கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எத்தினி படிம்மா குடுத்தாரு?"

"ரெண்டு. டவுன்காரங்க கொறச்சலா நெனச்சிடப் போறாங்கன்னாரு."

"எனக்கு ஒரு படிதான்" என்றபடி அவன் கயிற்றைத் தங்கையின் கையில் வைத்தான். "நீ முன்னால நட."

பூர்ணிமா சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினாள். கயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு அண்ணனும் பிடித்துக்கொண்டான்.