முன்னுரிமைப் பட்டியலும் ஒன்பது கிணறுகளும்

முன்னுரிமைக் குழுவின் கூட்டம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஒன்பது கிணறுகள் வட்டார வேளாண்மை அலுவலகத்தின் மாடிக்கு ஏறி வந்து, வராந்தாவில் சுவரோரமாக வரிசையில் நின்றன. கைப்பிடிச் சுவர், ராட்டினம், மோட்டார், அடியில் கிடந்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தன. நாற்பது அடிக் கிணறு மாடியில் நின்றால் கீழே பதிவறையில் ஒழுகியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் ஊழியர் அவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, நடக்க வழி விட்டு நிற்கும்படி சொன்னார். வயல்களில் கிணறு இருந்த இடமெல்லாம் தோண்டிய சுவடே இல்லாமல் மூடி, அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது.

காரணம் வெட்கக்கேடானது. அடுத்த ஐந்து வருடங்களுக்கு வட்டாரத்தில் எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்யக் கூட்டிய கூட்டம் அது. மண்வளம், விதை, தண்ணீர், குளிர்பதனக் கிடங்கு, சந்தைச் சாலை, பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாடு என்று பன்னிரண்டு தலைப்புகளை அலுவலகச் சுவரில் ஒட்டி, உறுப்பினர்களிடம் ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். அதில் தங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதி, முக்கியமானதில் ஒட்ட வேண்டும். உறுப்பினர்கள் ஒன்பது பேரும் விவசாயிகள். தண்ணீருக்கு எப்படியும் மற்ற எட்டுப் பேர் ஒட்டிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்து, தன்னுடையதை வீணாக்க வேண்டாமே என்று வேறு இடத்தில் ஒட்டினார். எண்ணிப் பார்த்தால் தண்ணீருக்கு ஒன்றுகூட இல்லை. 'ஒருங்கிணைப்பு' என்ற தலைப்புக்கு ஏழு. அது என்ன சங்கதி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் பட்டியலில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள்.

குழுத் தலைவரின் மனைவிக்குப் பூவெடுத்து நின்ற ஆயிரத்து இருநூறு தக்காளிச் செடிகள் இருந்தன. நாற்று விட்டது அவள், நட்டது அவள், களையெடுத்தது அவள். கூட்டத்துக்குப் போனது மட்டும் அவர். கிணறு மாடியேறிய அன்றே அவள் அலுவலகத்துக்குப் போய் அதிகாரியைப் பார்த்தாள். பட்டியலைத் திருத்த ஐந்து வருடம் ஆகும் என்றார் அதிகாரி.

"செடி அஞ்சு வருஷம் காத்திருக்காதுங்க."

"அப்ப அவசர மனு ஒண்ணு குடுங்கம்மா. குழுத் தலைவர் கையெழுத்து வேணும்."

"தலைவர் எங்க வீட்டுக்காரர்தான்."

"ரொம்ப வசதியாப் போச்சு," என்று அதிகாரி நிம்மதியாக அடுத்த கோப்பை எடுத்தார்.

கிணற்றைத் திரும்ப அழைக்க வழி தெரிந்தது இரண்டாம் நாள்தான். கீரை போடும் ஒரு பெண், குழுவில் எல்லாருக்கும் இளையவள், தன் கிணற்றின் முன்னால் நின்று, தான் தண்ணீருக்கு ஒட்டவில்லை, தப்புதான் என்று சொன்னாள். அவள் பேருந்து பிடித்து வீடு சேர்வதற்குள் கிணறு வயலில் இருந்தது. சேதி பரவியது. ஒருவர் பின் ஒருவராக வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எட்டுக் கிணறுகள் படியிறங்கிப் போய்விட்டன.

தலைவர் மட்டும் அசையவில்லை. தான் ஒட்டியதாகவும் அது எங்கேயோ உதிர்ந்திருக்கும் என்றும் சாதித்தார். அவருடைய முதலெழுத்து போட்ட ஸ்டிக்கர்கள் மூன்றும் ஒருங்கிணைப்பில் வரிசையாக ஒட்டியிருந்ததைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். அதே கூட்டத்தில் தண்ணீரின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவரும் அவர்தான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னங்க குறைஞ்சு போகும்?" என்றாள் மனைவி.

"நாப்பது நிமிஷம் பேசினவன் இன்னும் ஒரு வார்த்தை பேசணுமாக்கும்."

ஆனால் அவர் சும்மா இருக்கவும் இல்லை. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு தினமும் அலுவலகத்துக்குப் போனார், மாடியில் தன் கிணற்றிலேயே இறைத்தார், படியெல்லாம் சிந்திக்கொண்டு இறங்கி, நான்கு மைல் மிதித்து வந்து செடிக்கு ஊற்றினார். இறைக்கும்போது கிணற்றின் முகத்தைப் பார்க்க மாட்டார். நாளுக்கு நாலு நடை. மூன்று வரிசைகூட நனையவில்லை. பூ உதிர்ந்தது, இலை சுருண்டது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்?

ஒன்பதாம் நாள் காலை அவள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய் டோக்கன் வாங்கினாள், கிணற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு அவர் குடங்களோடு மேலே வந்தார். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் மனைவி. கயிற்றைத் தொட்டார், விட்டார். பிறகு குடங்களைக் கீழே வைத்தார்.

"ஒட்டலதான்," என்றார் கிணற்றிடம். "நீ எங்க போயிடப் போறேன்னு நெனச்சுட்டேன்."

கிணறு நிதானமாக எழுந்து, கைப்பிடிக் கம்பியில் இடிக்காமல் படியிறங்கிப் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

"அதான் சொல்லியாச்சே, வா."

"எனக்கும் டோக்கன் இருக்குங்க," என்று அவள் கையை விரித்துக் காட்டினாள்.

ஊழியர் எட்டிப் பார்த்தார். வராந்தாவில் காத்திருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. கோபத்தோடுதான் வாயைத் திறந்தார். ஆனால் கிணற்றிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் அவளிடமும் சொன்னார். அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

வீடு சேர்ந்தபோது கிணறு எப்போதும்போல் வேப்பமரத்துக்குக் கிழக்கே இருந்தது. நானூறு செடிகள் போனது போனதுதான். அவர் மோட்டாரைப் போட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார், அங்கே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் வெட்டிவிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்த வரிசைக்கு முதல்ல?" என்று திரும்பிக் கேட்டார்.

"வாடிக் கிடக்கிறதுக்கு," என்றாள். அவர் அந்தப் பக்கம் வெட்டிவிட்டார்.