ஆறு கம்பியும் ஒரு கையெழுத்தும்

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் வருத்தம் சார். அவர் எழுதும் கடிதமெல்லாம் ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தொடங்கும். மற்றபடி அவர் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எரிந்த கடை, இடிந்த சுவர், கவிழ்ந்த லாரி எதுவானாலும் எதிரில் இருப்பவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: “கெட்டுப்போயிருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” அப்பாவிகள் “லேசா தெரியும் சார்” என்பார்கள். அந்த ‘லேசா’வோடு அவர்கள் ஃபைல் மூடப்பட்டுவிடும். தெரியாதவனுக்கு நடந்தால் விபத்து, தெரிந்தவனுக்கு நடந்தால் அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இவர் காவல்.

இப்படிப்பட்டவர் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார்.

சின்னப் படகு. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். நடுவில் ஐந்து ஆள் உயரத்துக்கு அலுமினியத்தில் ஒரு பாய்மரம். அது சாயாமல் இழுத்துப் பிடித்திருந்தவை ஆறு எஃகுக் கம்பிகள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொரு கம்பியின் நுனியும் ஒரு எஃகுக் குழலுக்குள் செருகி நசுக்கப்பட்டிருந்தது. “கம்பியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார்” என்றார் விற்றவர். எந்த வருடம் மாட்டியது என்று அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. இருவருமே விவரமான ஆட்கள்.

வாங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் வருத்தம் சார் கம்பிகளுக்குப் பாலிஷ் போட்டார். தேய்க்கும்போது கம்பியைப் பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பார். பக்கத்துப் படகுக்காரர்கள் அவரைக் கவிஞர் என்று நினைத்தார்கள்.

முதல் பயணம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. வரப்போவது மனைவி, மனைவியின் அண்ணன், அண்ணனுடைய இரண்டு பெண்கள். அந்த மச்சான் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். படகு வாங்கிய அன்றைக்கே போன் பண்ணி, “என்ன மாப்பிள்ளை, மிதக்குதா?” என்று கேட்டார். அப்புறம் தினமும் அதே போன், அதே கேள்வி. மூன்றாவது வாரத்தில் “இன்னிக்குமா?” என்று சுருக்கிக்கொண்டார். இந்த மனிதரை ஒரு தடவை நடுக்கடலில் உட்கார வைத்து வாயை அடைத்துவிட வேண்டும். வருத்தம் சாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வாழ்க்கையில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி கிளினிக்கிலிருந்து நேராகப் படகுத்துறைக்கு வந்தாள். அவள் பல் டாக்டர். பளபளப்பாக எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது அவள் தொழில். கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தாள். ஓரிடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டது.

“ஏங்க, இங்க ஒரு இழை அறுந்து நீட்டிக்கிட்டிருக்கு.”

“பஞ்சு மட்டமான பஞ்சா இருக்கும்.”

அவள் கைப்பையை மறுபடி திறந்தாள். பல்லில் விரிசல் பார்க்கும் நீலச் சாயத்தைக் கம்பியடியில் இருந்த குழலின் மேல் தடவினாள். கொஞ்சம் பொறுத்துத் துணியால் துடைத்தாள். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் குழலுக்குப் பின்னால் கொடுத்து டார்ச் அடித்தாள். “இங்க வந்து பாருங்க” என்றாள்.

வருத்தம் சார் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

“என்ன பண்றீங்க?”

“நான் எதையும் பாக்கல.”

“கண்ணத் திறங்க.”

“திறந்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா அப்புறம் எது நடந்தாலும் அலட்சியம். இப்ப நடந்தா வெறும் விபத்து. நீயும் வாயத் திறக்காத, வாய்மொழித் தகவல் ஆயிடும்.”

“மரம் எங்க அண்ணன் தலையில விழுந்தா, விபத்தா விழுந்துச்சா அலட்சியமா விழுந்துச்சான்னு கேட்டுட்டா சாவாரு?”

“உங்க அண்ணன் கேட்டாலும் கேப்பாரு” என்றார் கண்ணைத் திறக்காமலே.

வாயைத் திறக்க மறுப்பவர்களைத் தினமும் இருபது பேராவது பார்ப்பவள் அவள். அவசரப்படவில்லை. படகின் விளிம்பில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டில் ஏதோ எழுதினாள். “சரி, நான் ஒண்ணும் சொல்லல. இதை மட்டும் படிங்க” என்று நீட்டினாள்.

சீட்டு இருந்த பக்கத்துக் கண்ணை மட்டும் திறந்து அவர் படித்தார்: ‘படகின் ஆறு கம்பிகளையும் நானே நேரில் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“போடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏறலாம். அண்ணன் பொண்ணுங்க ரெண்டும் மரத்தடியிலதான் உக்காருவோம்னு சொல்லிட்டிருக்குதுங்க.”

வருத்தம் சார் பேனாவை எடுத்தார். பேனா இறங்க மறுத்தது.

“‘என் அறிவுக்கு எட்டிய வரை’ன்னு முன்னாடி ஒரு வரி போட்டுக்கலாமே?”

“கூடாது.”

“‘மேலோட்டமாக’?”

“ம்ஹூம்.”

“அந்த ‘நேரில்’ மட்டும் எடுத்துடறேன்.”

“எடுத்துட்டு? கனவுல சோதிச்சீங்களா?”

இப்படிக் கோட்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரியும், ஆக்கியவரே அவர்தான். மச்சான் மகள்களை நினைத்து அவர் மனம் இளகியது என்று எழுத ஆசைதான். ஆனால் மரம் விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த மனிதரால் அதற்கடியில் தன் கையெழுத்து கிடப்பதைத் தாங்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு மண்டி போட்டார். கண்ணாடியை வாங்கினார்.

குழலின் பின்பக்கம், மயிரிழை அளவுக்கு ஒரு நீலக் கோடு மேலிருந்து கீழே ஓடியது.

அடுத்த குழலுக்கும் தானே சாயம் தடவினார். இரண்டு கோடு. அதற்கடுத்ததில் கம்பி நுழையும் வாயிலேயே துரு கசிந்திருந்தது. தொடங்கியபின் பத்தொன்பது வருடப் பழக்கம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. ஆறு அடிமுனைகளையும் எதிராளியின் ஃபைலைக் குடைவது போலக் குடைந்தார். எழுந்து நின்றபோது முகம் சிவந்திருந்தது.

“இதுல மனுஷங்கள ஏத்தலாம்னு நினைச்சவன் எவன்?”

“கடலைப் பாத்துக்கிட்டே பாலிஷ் போடுவாரே, அவருதான்” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மகள்களோடு வந்து இறங்கினார். மூவரும் வீட்டிலிருந்தே மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். துறையில் கம்பி மெக்கானிக் காத்திருந்தார். ஆறு கம்பியும் ஒரே வயசு, ஆறையும் மாற்ற வேண்டும், அதற்கு மரத்தை இறக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். மச்சான் கையில் ஒரு கயிற்று முனை கொடுக்கப்பட்டது.

“சவாரின்னு கூப்பிட்டுச் சுமை தூக்க வெச்சுட்டீங்களே மாப்பிள்ளை! இத்தனை நாளா மிதக்குதான்னு கேட்டுட்டேன். நிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டேனா? என் தப்புதான்!”

மரம் கீழ்மூட்டில் மடங்கி மெல்ல இறங்கி, இரண்டு முக்காலிகளின் மேல் படுத்தது. மச்சானுக்கு மூச்சு வாங்கியது, வாய் ஓயவில்லை. “பாய்மரப் படகு இப்பத்தான் மாப்பிள்ளை அழகா இருக்கு, பாயும் இல்ல, மரமும் இல்ல” என்றார். பக்கத்துப் படகுகளில் சிரித்தார்கள். வருத்தம் சார் தலையைக் குனிந்துகொண்டு திருகாணி கழற்றினார்.

மெக்கானிக் முதல் கம்பியைக் கழற்றினார். நீலக் கோடு ஓடிய அந்தக் குழலை இரண்டு கையாலும் பிடித்துச் சும்மா ஒரு வளை வளைத்தார். பிஸ்கட் போல உடைந்தது. உள்ளே முழுக்கச் செந்துரு.

“காத்து பாயைப் பிடிச்சதும் முதல்ல போறது இதுதான். இது போனா மரம் அந்தப் பக்கமா விழும்.” அவர் கை காட்டிய இடத்தில் மச்சானின் சின்ன மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் அடுத்த கிண்டலுக்குத் திறந்த வாயை மூடினார். போய் மகளைத் தூக்கித் துறையில் இறக்கி விட்டார். திரும்பி வந்து வருத்தம் சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“இவ்வளவு நுணுக்கமா யாரு மாப்பிள்ளை பாப்பாங்க? உங்களப் போய் நான்...”

மூன்று வாரமாக ஏங்கிக்கொண்டிருந்த மரியாதை அது, தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. வருத்தம் சார் மனைவியைப் பார்த்தார். அவள் உடைந்த குழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பாக்கல மச்சான்” என்றார். “கண்ணை மூடிக்கிட்டேன். உங்க தங்கச்சிதான் கண்டுபிடிச்சா.”

“பாத்தியாம்மா, தன்னடக்கத்த!”

“அய்யோ, நிஜமா மச்சான். பாலிஷ் போடும்போதுகூட வேணும்னே பாக்காமதான் போட்டேன்.”

“பெரிய மனுஷன் பேச்சே இப்படித்தான் இருக்கும்” என்று மச்சான் அவரைக் கட்டிக்கொண்டார். அதற்குள் போனை எடுத்துக் கடைப்பையனிடம், “டேய், எங்க மாப்பிள்ளை என்ன பண்ணியிருக்காருன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்துவிட்டார். வருத்தம் சார் இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மச்சான் குரல் உயர்ந்தது. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் கைகூடத் தட்டினார்.

“சார்” என்றார் மெக்கானிக், அளவு நாடாவின் ஒரு முனையை மனைவியிடம் கொடுத்தபடி. “புதுக் கம்பி அளக்கணும். பழசு மேல நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

அவர் தள்ளிக்கொண்டார்.