சதுரம் சதுரமாய் முளைத்த கருவேலம்

கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் குளத்து விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவரானவர் கோமதிநாயகம். அந்தக் குற்றத்துக்காகவே மேலநீலிதநல்லூர் பயிற்சிக்கும் அவரை அனுப்பினார்கள். சீமைக்கருவேலம், பார்த்தீனியம் மாதிரி வெளியிலிருந்து வந்து நிலத்தை வளைத்துக்கொண்ட செடிகளை வரைபடத்தில் ஏற்றும் பயிற்சி. செடிக்குப் பக்கத்தில் நின்று செல்போனை அமுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

விதை எங்கிருந்து பரவுகிறதோ அங்கேதான் பொக்லைன் முதலில் இறங்கும் என்று பயிற்சி கொடுக்க வந்த கோகிலா சொன்னதும் நாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வயல் பீர் மைதீன் வரப்பில் சீமைக்கருவேலத்தையே வேலியாக விட்டிருந்தார். தன் தரிசில் கிடக்கிற முள்ளெல்லாம் அந்த வேலி போட்ட குட்டி என்பது நாயகத்தின் கட்சி. ஒரே பைக்கில் சங்கரன்கோவில் போய்வந்தவர்கள், இந்தச் சண்டையில் பேச்சை விட்டு நாளாயிற்று. வேலி போகவேண்டும், அதுவும் சர்க்கார் வரைபடம் சொல்லிப் போகவேண்டும்.

செய்முறைக்குத் தன் தரிசையே கொடுத்தார். கோகிலாவின் செல்போனை வாங்கியதும் நேரே வேலிக்கு நடந்தார். அவள் தடுத்தாள். பிடித்த இடத்தில் ஆரம்பிக்கக் கூடாதாம். ஏர் ஓட்டுகிற மாதிரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேராகப் போகவேண்டுமாம். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

முடிந்ததும் படத்தைப் பார்த்தால், வேலியோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. நடுவயலில் ஈ மொய்த்தது போல அப்பிக் கிடந்தது. அதுவும் சதுரம் சதுரமாக, பாய் விரித்த கணக்கில்.

"ஓடையோரமா வரும், வரப்போரமா வரும். இப்படிச் சதுரமா நான் பாத்ததே இல்ல சார். இங்கன என்ன இருந்துச்சு?" என்றாள் கோகிலா.

வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பங்குச்சி ஒடிப்பதுபோல நின்றிருந்த பீர் மைதீனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வரப்பைத் தாண்டி வந்து செல்போனுக்குள் தலையை நீட்டினார்.

நாயகத்துக்குச் சுருக்கென்றது. கோடையில் உரத்துக்காக, ஊர் ஊராய் ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை மறித்தவர் அவர்தான். ராத்திரி வலைக்குள் அடைத்த மந்தை, மறுநாள் அடுத்த சதுரத்துக்கு மாறும். அந்தக் கோடையில் ஆட்டுக்குப் பகலெல்லாம் குளத்தோரச் சீமைக்கருவேலத்தின் காய்ந்த நெத்துதான் இரை. நெத்து செரிக்கும், விதை செரிக்காது; புழுக்கையோடு விழுந்து முளைக்கும்.

தெரியலையே என்று சொன்னால் போதும், பழி வேலிமேல் விழும், வேலி போய்விடும். ஆனால் இத்தனை நாள் கழித்து பீர் மைதீனின் தோள் தன் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"அது கிடை மறிச்ச இடம்மா. நாந்தான் கூப்ட்டு, டீயும் வாங்கிக் குடுத்து, முள்ளு வெதச்சிருக்கேன்."

"அப்போ வேலி?" என்றாள் கோகிலா.

"அது என்ன செய்யும், பாவம். நின்ன எடத்துல நிக்கி."

பீர் மைதீன் சிரிப்பார் என்று நாயகம் காத்திருந்தார். அவரோ தாடையைச் சொறிந்தார்.

"வே நாயகம், போன வைகாசில மேக்கால தரிசுல நானும் கிடை மறிச்சேன். அங்கனயும் சதுரமா இருக்கான்னு பாப்பமா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எவர் அமுக்குவது என்று சண்டை போட்டபடியே இருவரும் மேற்கே கிளம்பினார்கள். செல்போன் தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்த கோகிலா, அதை விட்டுவிட்டுப் பின்னால் நடந்தாள்.