ஜிஞ்சரைக் கட்டிப்போட்ட நாட்கள்

ஜிஞ்சரின் காதுமடலுக்குப் பின்னால் உண்ணி தேடிக்கொண்டிருந்த கிருபாபாயின் விரல் ஓரிடத்தில் நின்றது. ரோமம் அங்கே பசை போட்டு ஒட்டியதுபோல் கெட்டியாகியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். தோலில் இரண்டு சின்னப் பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஓரம் கறுத்து. முள் கீறியிருந்தால் கோடாக இருக்கும். இது கோடில்லை. நாய் தலையை அவள் மடியில் வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தது. சித்திரை வெயிலில் கிணற்றடிக் கல் சுட்டுக்கொண்டிருந்தது. மடியிலிருந்த தலையை மெல்லத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு எழுந்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து கழுவினாள்.

முந்தாநாள் மத்தியானம் தெருவுக்குள் ஒரு வெறிநாய் வந்திருந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட நாளிலிருந்து தூத்துக்குடியில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள் சோறில்லாமல் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன. அதில் ஒன்றுதான் வாயில் நுரை தள்ள, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தது. பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கம் ஆட்கள் அதை மடக்கி அடித்துக் கொன்றார்கள். அதற்கு முன்னால் அது இந்த வீட்டுப் பின்சந்து வழியாகப் போயிருக்கிறது. அன்றைக்குப் பின்கதவு திறந்து கிடந்தது. ஜிஞ்சர் குரைத்ததைச் சமையற்கட்டிலிருந்தே கேட்டாள். கூடவே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். அடுப்பில் கை வேலையாக இருந்ததால் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஜிஞ்சர் அவர்கள் வீட்டு நாயே இல்லை. அவள் புருஷன் அற்புதமணி கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. குண்டு விழுந்த செய்தி வந்த வாரத்தில் கம்பெனித் துரை தன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். நாயை ஏற்றவில்லை. 'கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள்' என்று அற்புதமணி கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அற்புதமணியும் ஏதோ பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பார்க்க நடந்து வந்தார். பொன்னை உருக்கி ஊற்றியதுபோன்ற ரோமம், விசிறி மாதிரி வால், ஒரு கன்றுக்குட்டி உயரம்.

"கோல்டன் ரிட்ரீவர்னு பேரு இந்தச் சாதிக்கு. சுட்டு விழுந்த வாத்தத் தண்ணிக்குள்ள நீஞ்சிப் போயி கவ்விட்டு வருமாம். வாத்து மேல ஒரு பல்லு படாதாம், கேட்டியா" என்றார்.

கிருபாபாய் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் தாழ் போட்டிருந்தாள்.

அவள் பிறந்தது விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவளுக்கு ஞானப்பூ என்று ஒரு தங்கை இருந்தாள். அந்தப் பிள்ளையைத் தெருநாய் ஒன்று கன்னத்தில் கடித்தது. மருந்து கட்டினார்கள், ஜெபம் பண்ணினார்கள், புண் ஆறிவிட்டது. எல்லாரும் மறந்துபோன பிறகு ஒரு காலையில் பிள்ளைக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. தானியம் போடும் அறைக்குள் விட்டுக் கதவை அடைத்தார்கள். அம்மா வெளியே அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து நகம் பிறாண்டுகிற சத்தம் கேட்கும். பிறகு அதுவும் நின்றது. இதை அற்புதமணியிடம் கல்யாணமான புதிதில் ஒருதரம் சொன்னாள். அவர் பாவம் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

ஆனால் அவர் காலையில் ஆபீசுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். நாய் அவள் தலையில் விழுந்தது. முதல் வாரம் சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுவிட்டு ஓடிவந்தாள். அது தின்றுவிட்டு, காலித் தட்டைப் பல்லில் கவ்விக்கொண்டுவந்து சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. செருப்பைக் கொண்டுவந்தது. துவைக்கப் போட்ட துணியைக் கொண்டுவந்தது. ஒருநாள் சாக்கடையில் விழுந்த கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து அவள் காலடியில் விட்டது. குஞ்சு நனைந்து நடுங்கியதே தவிர மேலே ஒரு கீறல் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அதன் உச்சந்தலையில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் பாடு பெரும்பாடாகிவிட்டது. சீமைக் குளிருக்கென்று முளைத்த ரோமம் இந்த ஊர் வெயிலில் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. சோற்றில் மயிர், பாயில் மயிர், கோயில் ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையிலும் மயிர். வெக்கை தாங்காமல் கிணற்றடி ஈர மண்ணைத் தோண்டி அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். தண்ணீரைக் கண்டால் விடாது. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் தோணிகள் நிற்கிற ஆழம் வரைக்கும் நீந்தும். வந்தால் உப்புப் பூத்துத் தோல் புண்ணாகாமல் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ஊரில் நாயைக் குளிப்பாட்டுகிறாள் என்று தெருவில் பேச்சு. மகள் இன்பமணிக்கோ அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பாடம் படிக்க வேண்டும். கிருபாபாய் ஏசுவாள், தள்ளிவிடுவாள். என்றாலும் சாயங்காலம் பேன்சீப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தால், கூப்பிடாமலே வந்து மடியில் தலையை வைக்கிற அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தலையில்தான் இரண்டு பள்ளங்கள்.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பிள்ளையின் கை, கால், முகம் எல்லாம் பார்த்தார். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நாயைச் சுட்டுடறது நல்லது. மனசு வரலேன்னா கட்டிப்போட்டுப் பாருங்க. இன்னைக்கு நாளைக்குன்னு இல்ல, மாசக்கணக்கு ஆகலாம்." அவர்கள் எழுந்தபோது திரும்பக் கூப்பிட்டார். "வெறி வந்தா சில நாய்க்குக் கோபமே வராதும்மா. கீழ்த்தாடை தொங்கிடும். வாயை மூடாது, எச்சில் வடியும், தண்ணி முழுங்காது. தொண்டையில எலும்பு சிக்கியிருக்குன்னு நினைச்சு உள்ள கையை விட்டுச் செத்தவங்க இருக்காங்க. கிட்டப் போயிடாதீங்க."

வரும் வழியில் அற்புதமணி, "துரை திரும்பி வந்து கேட்டா என்ன பதில் சொல்லுதது? கட்டியே போடுவோம்" என்றார். துரை வரப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும்.

கிணற்றடி வேப்பமரத்தில் தோணிக்கயிற்றால் கட்டினார்கள். கயிறு எட்டும் தூரத்துக்கு அவள் மண்ணில் செங்கல் பதித்தாள். இன்பமணி அதைத் தாண்டினால் தொடைத்தோலைத் திருகிவிடுவேன் என்றாள். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையைக் கண்டதும் ஓடிவரும். கயிறு சுண்டி இழுக்கும். கழுத்து முறிய நின்று, வாலை மட்டும் ஆட்டும். கிருபாபாய் தினமும் விடிந்ததும் முதல் காரியமாகத் தண்ணீரை வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பாள். அது நக்கிக் குடிக்கிற சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். குடிப்பதற்குக் கொஞ்சம் சுணங்கினால் போதும், தண்ணீர் இறங்காமல் வழிந்த ஞானப்பூவின் வாயோரம் நினைவுக்கு வந்துவிடும். நாளடைவில் எதைப் பார்த்தாலும் பயமாயிற்று. நாய் அதிகம் தூங்கினால் பயம். தூங்காமல் நடந்தால் பயம். அது அன்பாகப் பார்த்தாலும், இது அந்தப் பார்வைதானா, வேறு ஏதாவதா என்று துருவினாள். மடியில் தலை வைக்க விடாததால் அதன் ரோமம் சடை பிடித்து, உண்ணி மொய்த்து, பொன்னிறம் மண்ணிறமாகிப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து ஆட்டுக்கறி சமைத்தாள். மனசு கேட்காமல் ஒரு கை எலும்பை அள்ளி நாய்க்குப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீரோடு போனவள் செங்கலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஜிஞ்சர் வாயைத் திறந்தபடி நின்றது. தாடை தொங்கியது. எச்சில் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டது. தண்ணீரைப் பார்த்ததும் ஓடிவந்து, செங்கலுக்கு மேலாக எட்டி அவள் கைச்செம்பில் மூக்கை வைத்தது. குடிக்க முடியாமல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. செம்பு அவள் கையிலிருந்து விழுந்தது.

அடுத்த வீட்டுப் பகவதி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். "ஐயோ, ஏளா கிருபா! வாயப் பாத்தியா? வெறி ஏறிட்டு ளா! பிள்ளைய உள்ள கொண்டுபோயி அடை!"

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அற்புதமணி ஓடிவந்து பார்த்தார். "நான் முனிசிபாலிட்டித் துப்பாக்கிக்காரனக் கூட்டிட்டு வாரேன். நீ வெளிய வராத. சத்தியமா வராத, கேட்டியா?" என்று சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார்.

அவள் இன்பமணியை அறைக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினாள். பிள்ளை கதவைத் தட்டி அழுதது. கிருபாபாய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து பிள்ளையின் நகம் பலகையைப் பிறாண்டியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். வெளிப்பக்கம் கொண்டியைப் போட்டாள். கிணற்றடிக்கு நடந்தாள்.

நாய் முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் மட்டும். கொஞ்சம் நிறுத்தும், மறுபடி அதே இடத்தில் பிறாண்டும். வெறி வந்த நாய் இப்படிச் செய்யுமா? டாக்டர் இதைச் சொல்லவில்லை. கையை விட்டுச் செத்தவர்களைத்தான் சொன்னார். அவர்களும் இப்படித்தானே நின்று யோசித்திருப்பார்கள் என்று தோன்றியது. சந்து முனையில் ஆள் பேச்சுக் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் யாராவது வந்துவிடுவார்கள், தான் ஒன்றும் செய்ய வேண்டியிராது என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த அவமானத்தில்தானோ என்னவோ, செங்கல்லைத் தாண்டிவிட்டாள்.

சாக்குத் துணியை இடது கையில் சுற்றி மேல்தாடையைப் பிடித்தாள். துணி சுற்றிய கையால் உள்ளே ஒன்றும் துழாவ முடியாது. வலது கையை வெறுமனேதான் விட வேண்டியிருந்தது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. சூடான எச்சில் விரலெல்லாம் வழிந்தது. நாய் அசையவில்லை. கண்ணை உருட்டி அவளையே பார்த்தது. நாக்கில் ஒன்றுமில்லை. மேலண்ணத்தைத் தடவினாள். இந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் குறுக்கே, உத்திரம் மாதிரி, விலா எலும்புத் துண்டு ஒன்று இறுகிக் கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். நாய் வீறிட்டுத் தலையை உதற, எலும்பும் அவள் கையும் ஒன்றாக வெளியே வந்தன.

துப்பாக்கிக்காரரும் அற்புதமணியும் வந்து நின்றபோது ஜிஞ்சர் செம்பிலிருந்து கொட்டிச் செங்கல் பக்கம் தேங்கிய தண்ணீரை மண்ணோடு நக்கிக்கொண்டிருந்தது. அவள் எலும்பை நீட்டிக் காட்டினாள். துப்பாக்கிக்காரர் வயசாளி, எலும்பையும் நாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு எலும்புதான், சரி. கடிவாங்குன நாயின்னு ஐயா வரும்போதே சொன்னாவ. எப்பம் வேணும்னாலும் சொல்லிவிடுங்க, வாரேன்" என்றார்.

அவர் போன பிறகுதான் அற்புதமணி பார்த்தார். "ஏளா, கையில என்ன?"

மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல். ரத்தம் சின்னச்சின்னப் பொட்டாக எழும்பியிருந்தது.

"எலும்பு கீறுனதா, பல்லு கீறுனதா, தெரியல" என்றாள்.

அவர் ஏசவில்லை. அப்படியே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, தானே நீர் இறைத்து, அவள் கையைப் பிடித்துக் கழுவினார். அறைக்குள் இன்பமணி தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு இருவருக்குமே அது கேட்கவில்லை.

டாக்டர் ஏசினார். ஏசிக்கொண்டே ஊசியை ஏற்றினார். வயிற்றில் போடுகிற ஊசி. தினமும் வர வேண்டும் என்றார். "இது பலிக்கும். பெரும்பாலும் பலிக்கும்" என்றார். அந்த 'பெரும்பாலும்' ஜட்கா வண்டியில் அவர்களோடு வீடு வரைக்கும் வந்தது.

சாயங்காலம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிருபாபாய் கிணற்றடிக்கு வந்தாள். நாய் எழுந்து ஓடிவந்தது, கயிறு சுண்டியது, நின்றது. வாய் மூடியிருந்தது. அவள் செங்கலுக்கு இந்தப் பக்கம், ஊசி போட்ட இடம் வலிக்காமல் மெதுவாக, தரையில் உட்கார்ந்தாள். பேன்சீப்பைக் கொண்டுவரவில்லை. கையையும் நீட்டவில்லை. ஜிஞ்சர் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, முடியாதென்று தெரிந்ததும், கயிறு விட்ட மட்டுக்கும் முன்னால் வந்து வயிற்றை வைத்துப் படுத்து, முகவாயை மண்ணில் பதித்தது. இருவருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெறும் மணல். அது மூச்சு விடும்போதெல்லாம் மணல் லேசாகப் பறந்து அவள் கால்விரல்மேல் விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.